‘நல்லாருக்கு’ என்று சொன்னார்கள்

பயிற்சியின் முதல் வாரத்திலேயே உங்களுக்கு ஒரு விதியைச் சொல்லித் தந்திருப்பார்கள். கருவியைப் பயன்படுத்துகிறவர் வாயால் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். கருவியை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். இப்போது அது கையேட்டில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறது. அதை எழுதியவள் நான். போன மாதம் உங்கள் கூட்டத்துக்கு என்னை அழைத்துச் சால்வை போர்த்தி, அந்த விதிக்காகத்தான் ரொம்பவும் பாராட்டினீர்கள். மேடையில் உட்கார்ந்திருந்த எனக்கு எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. பேசச் சொன்னபோது இரண்டு வார்த்தை நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்று சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது எண்பதுகளில். புதிதாகச் செய்து வரும் வீடியோப் பெட்டி, ரேடியோ போன் மாதிரியான சாதனங்களைச் சில ஊர்களில் வைத்துப் பார்த்து, சனங்களுக்கு இது ஒத்துவருமா வராதா என்று எழுதித் தருவது எங்கள் பிரிவின் வேலை. அருப்புக்கோட்டையில் ஒரு மாடி அறைதான் ஆபீஸ். இந்த வெயிலிலும் புழுதியிலும் தாங்குகிற சாமான் எங்கே போனாலும் தாங்கும் என்று மேலே இருந்தவர்கள் நினைத்தார்களோ என்னவோ, எங்களுக்குத் திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்தை ஒதுக்கியிருந்தார்கள். ஜீப்பிலிருந்து நான் இறங்கினால் ஊசி போட வந்த நர்ஸ் என்று நினைத்துப் பிள்ளைகள் ஓடி ஒளிந்துகொள்ளும். என் கையில் இருக்கும் ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்த பிறகும் அந்தப் பயம் தெளியாது.

முதலில் அந்த விதி எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

மல்லாங்கிணறில் பஞ்சாயத்து அலுவலக அறை ஒன்றில் கலர் டிவியும் வீடியோப் பெட்டியும் வைத்தோம். பயிர் நோய், ஆட்டுக்குத் தடுப்பூசி, குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று கேசட்டுகள் வரும். சாயங்காலம் ஊர் கூடிப் பார்க்க வேண்டும் என்பது திட்டம். நான் மாதம் ஒரு தடவை போய் எப்படி இருக்கிறது என்று கேட்பேன். ‘நல்லாருக்கு’ என்பார்கள். படம் தெளிவா? நல்லாருக்கு. சத்தம்? நல்லாருக்கு. காபி வாங்கித் தருவார்கள். நானும் எல்லாக் கட்டத்திலும் ‘நன்று’ என்று எழுதி அனுப்பிவிட்டு, நம் கை ராசியான கை என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் காரியாபட்டி பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு, நிழலுக்காக அந்த அறைக்குள் போய் உட்கார்ந்தேன். சொல்லாமல் போனது அதுதான் முதல் தடவை. வீடியோப் பெட்டி மேல் பூப்போட்ட துணி மூடியிருந்தது. துணியைத் தூக்கினால் பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். ஆயுத பூஜைக்கு வைத்தது, அதற்கப்புறம் பெட்டியை யாரும் தொடவில்லை. சாயங்காலம் வயல்களில் மோட்டார்கள் ஓட ஆரம்பித்ததும் வோல்ட்டேஜ் இறங்கிவிடும், பெட்டி கேசட்டைத் தின்றுவிடும். வந்த கொஞ்ச நாளிலேயே இரண்டு கேசட்டைத் தின்று தீர்த்ததும் நிறுத்திவிட்டார்கள். பஞ்சாயத்து கிளார்க்கிடம் இத்தனை மாதமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் கொஞ்சம் நெளிந்துவிட்டு, “நீங்க அம்புட்டு ஆசையா கொண்டாந்து வச்சீக. நல்லால்லைன்னு எப்படிம்மா மூஞ்சிக்கு நேரா சொல்றது?” என்றார்.

இந்தப் பக்கத்து மனிதர்களை நான் அப்போதுதான் புரிந்துகொண்டதாக நினைத்தேன். விருந்தாளி கொண்டுவந்த பண்டத்தைக் குறை சொல்ல மாட்டார்கள். சாப்பாட்டில் உப்பு கூடிப்போனாலும் நல்லாருக்கு என்றுதான் சொல்வார்கள். அரசாங்கச் சாமானும் அப்படித்தான். அன்றிலிருந்து நான் யாரையும் கேட்பதைக் குறைத்துக்கொண்டேன். போனால் ஒரு ஓரமாக உட்கார்ந்து பார்ப்பேன்.

அதனால் பலன் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் ரேடியோ போன் வந்தது. நரிக்குடியில் ஒரு பெரிய கோபுரம், சுற்றியிருக்கும் ஊர்களில் ஊருக்கு ஒரு கம்பமும் ஒரு போனும். கம்பி இழுக்க வேண்டாம், எல்லாம் காற்றில் வந்துவிடும். ஒரு ஊரில் உச்சிவெயிலானால் மட்டும் போன் செத்துப்போகும். போனை வைத்திருந்தவரைக் கேட்டால், நல்லாத்தான் இருக்கு என்கிறார். நான் ஒரு பகல் முழுக்க அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மத்தியானம் ஒரு பெரியவர் மேய்ச்சலிலிருந்து ஆடுகளை ஓட்டி வந்து, கம்பத்தைத் தாங்கி நிற்கும் இழுகம்பியில் நாலைந்து கிடாய்களைக் கட்டிவிட்டு வேப்பமரத்தடியில் படுத்தார். கிடாய்கள் இழுக்க இழுக்க, மேலே ஆன்டெனா மெதுவாக வேறு திசைக்குத் திரும்பியது. ஊரில் எல்லாருக்கும் காரணம் தெரியும். ஆட்டுக்காரர் போன்காரருக்குச் சம்பந்தி, அதனால் வாயைத் திறக்கவில்லை. நான் இதை ஆபீஸில் சொல்லிச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தேன். அந்த வருஷம்தான் விதியை எழுதச் சொன்னார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

இனி செல்லக்கனி அக்காவைப் பற்றி.

நரிக்குடிக்கும் வீரசோழனுக்கும் நடுவில் ஒரு ஊர். பெயர் வேண்டாம். அங்கே செல்லக்கனி அக்காவும் அவர் வீட்டுக்காரரும் மளிகைக் கடை வைத்திருந்தார்கள். கடையில் தராசுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, அதன் மேல் அந்த ஊருக்கான ரேடியோ போனை வைத்திருந்தோம். அவர்களுக்கு ஒரே மகள், பெயர் வசந்தி. பம்பாயில் கடை வைத்திருக்கும் நம்ம பக்கத்துக் குடும்பம் ஒன்றில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பம்பாயில் அவர்கள் கடைக்குப் பின்னாலேயே வீடு, வீட்டுக் கூடத்தில் போன். செல்லக்கனி அக்கா வாரம் ஒரு தடவை மகளைக் கூப்பிட்டுப் பேசுவார் என்பது எனக்குத் தெரியும். அந்த ஊரில் அதிகமாகப் போன் பேசியவரே அவர்தான்.

அந்த மாடல் போனில் எங்களுக்குத் தலைவலி இருந்தது. இங்கிருந்து பேசுவது அந்தப் பக்கம் கணீரென்று கேட்கும். அந்தப் பக்கம் பேசுவது இங்கே வந்து சேராது. வெந்நீர் கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம்தான் வரும். செய்து அனுப்பியவர்களுக்கோ அவசரம். மற்ற மாவட்டங்களுக்கு அனுப்பச் சாமான் தயாராக நிற்கிறது, ‘ஓரளவு திருப்தி’ என்று நான் ஒரு வரி எழுதிவிட்டால் போதும். என் மேலதிகாரி என்னை உட்கார வைத்து, சின்னக் குறையை எல்லாம் பெரிதாக்க வேண்டாம் என்று நயமாகவும் சொன்னார், பிறகு நயமில்லாமலும் சொன்னார். நான் மசியவில்லை. நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்று கிளம்பினேன்.

ஆடி மாதம். காற்று ஜீப்பையே தள்ளியது. கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். போன் எப்படி இருக்கிறது என்று பேச்சுக்குக் கேட்டேன். செல்லக்கனி அக்கா உடனே, நல்லாருக்கு, ஒரு குறையும் இல்லை என்றார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. மகளோடு பேசுங்களேன், நான் சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றேன். அவர் தயங்கினார். அப்புறம் நம்பரைச் சுற்றினார். சோதனைக்காக நாங்கள் கூடவே மாட்டும் இன்னொரு ரிசீவரை நான் காதில் வைத்துக்கொண்டேன்.

அவர் பேசியது இன்னும் அப்படியே நினைவில் இருக்கிறது.

“ஏத்தா, சாப்ட்டியா?” கொஞ்சம் நிறுத்தினார். “உடம்பு தேவலையா?” மறுபடி நிறுத்தினார். “ராத்திரி தூங்குறியா?” பிறகு குரலைத் தாழ்த்தி, “நான் வரவா?” என்றார். ரொம்ப நேரம் காத்திருந்து, “சரித்தா. அடுத்த வாரம் கேக்கேன்” என்று வைத்துவிட்டார்.

என் காதில் ஒரு வார்த்தை விழவில்லை. கொதிக்கிற சத்தமும், நடுநடுவே டக் என்று ஒரு சத்தமும், சில சமயம் டக் டக் என்று இரண்டும் கேட்டன. அவ்வளவுதான். இந்த அம்மா என்னமாய் நடிக்கிறார் என்று நினைத்தேன். எதிர்ப்பக்கம் பேசுகிற மாதிரியே நிறுத்தி, தலையை ஆட்டி, நாம் கொண்டுவந்து வைத்த சாமானுக்காக இப்படிக்கூடச் செய்வார்களா என்று எனக்கு அவர் மேல் ஒரு பிரியம்கூட வந்தது. அறிக்கையில், ‘எதிர்க்குரல் கேட்கவில்லை. இணைப்பில் தளர்வு, இடையிடையே டக் என்ற சத்தம். பயன்படுத்துபவர் குறையை மறைக்கிறார்’ என்று எழுதினேன். மாடல் தகுதியற்றது என்று எழுதினேன். இத்தனை பெரிய ஆட்களை எதிர்த்து எழுதுகிறோம் என்று தெரிந்தேதான் எழுதினேன். அதற்காக இன்றைக்கும் நான் வருத்தப்படவில்லை. மாடல் மோசமான மாடல்தான்.

குறை கண்ட கருவியைக் கழற்றி ஆராய்ச்சிக்கு அனுப்ப வேண்டும் என்பது வழக்கம். கூட வந்தவர் போனைக் கழற்றிப் பெட்டியில் வைத்துக் கட்டினார். செல்லக்கனி அக்கா கடையை அப்படியே போட்டுவிட்டு ஜீப்பு வரைக்கும் வந்தார்.

“எடுத்துறாதீக தாயி. எங்களுக்கு இதே போதும்.”

எதிர்ப்பக்கம் பேசுவது ஒன்றுமே கேட்கவில்லையே, நல்ல போனாகக் கொண்டுவந்து வைக்கிறோம், ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

“எனக்குக் கேக்குது தாயி” என்றார். “எம் மக தூரத்துல இருக்கா. இது இருந்தாத்தான் அவ எப்படி இருக்கான்னு எனக்குத் தெரியும்.”

நான் அவர் கையைப் பிடித்து, அக்கா, நீங்கள் நல்லவங்க, அதான் குறை சொல்ல மாட்டேங்கிறீங்க என்றேன். அவர் கடைப்பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே நின்ற ஆட்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஜீப்பை விட்டு ஒதுங்கி நின்றார். ஜீப்பு கிளம்பிவிட்டது.

ஒரு மாதம் என்று சொன்னது ஒரு வருஷத்தைத் தாண்டிவிட்டது. மாடலை நிராகரித்ததும் புது மாடலுக்கு வேறு ஆள், வேறு விலை, வேறு கையெழுத்து என்று இழுத்தது. உங்களுக்கு அதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் நேர்மையை எல்லாரும் மெச்சினார்கள். எனக்குப் பதவி உயர்வும் வந்தது. அந்த ஊரை நான் மறக்கவில்லை, இரண்டு மூன்று தடவை கேட்டும் எழுதினேன். ஆனால் தூக்கம் கெட்டு யோசித்தேன் என்று சொன்னால் அது பொய்.

புது மாடல் வந்ததும் முதலில் அந்த ஊருக்குத்தான் எடுத்துப் போனேன். கடை அப்படியே இருந்தது. தராசுக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்து பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். வசந்திதானே என்று கேட்டேன். தலையை நிமிர்த்திச் சிரித்தாள். ஊருக்கு வந்திருக்கிறாயா என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. செல்லக்கனி அக்கா என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய், குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அங்கே மகளுக்கு அடி. புருஷன் கை நீட்டுவான், மாமியார் தடுக்க மாட்டாள். பம்பாயில் போன் இருக்கிற கூடத்தில் எந்நேரமும் மாமியார் இருப்பாள். கடிதம் எழுதினால் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் தபாலில் சேர்ப்பார்கள். இந்த நிலையில்தான் எங்கள் ஓட்டைப் போன் கடைக்கு வந்தது. மகள் பேசுவது கேட்கவில்லை என்றதும் செல்லக்கனி அக்கா, “கேக்கலத்தா. ஆமான்னா போன்ல ஒரு தட்டு தட்டு. இல்லைன்னா ரெண்டு தட்டு” என்றார். முதலில் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்றுதான் கேட்டார். ஒரு நாள் மனசில் என்னவோ தோன்றி, அடிக்கிறாகளா என்று கேட்டார். ஒரு தட்டு வந்தது.

அம்மா கேட்கிற கேள்வி ரிசீவருக்குள், மகள் காதோடு நின்றுவிடும். மாமியாருக்குத் தெரிந்ததெல்லாம், ஊரில் போன் சரியில்லை, தட்டினால்தான் வேலை செய்கிறது என்பது மட்டும். யார் வீட்டுப் போனைத்தான் நாம் தட்டாமல் இருந்தோம்? வாராவாரம் செல்லக்கனி அக்கா கடைசியில் ‘நான் வரவா’ என்று கேட்பார். தாலி கட்டியவன் திருந்திவிடுவான் என்று நினைத்து, வசந்தி இரண்டு தட்டு தட்டிக்கொண்டே இருந்தாள். நான் காதில் ரிசீவரை வைத்துக்கொண்டு கேட்டதும் அதைத்தான். அதைத்தான் தளர்வு என்று எழுதினேன்.

அன்றைக்கே என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றேன்.

“கடையில நாலு பேரு நின்னாக. வீட்டு விஷயத்தை எப்படித் தாயி சொல்ல? எனக்குக் கேக்குதுன்னு சொன்னேன்ல. நீங்க படிச்சவுக, இம்புட்டு சொன்னாப் புரிஞ்சுக்கிருவீகன்னு இருந்தேன்.”

போனை நான் எடுத்துப் போன பிறகு அவர் பஸ் ஏறி வீரசோழனுக்குப் போய் அங்கிருந்த டெலிபோன் பூத்திலிருந்து பேசியிருக்கிறார். அது நல்ல லைன். மகளின் குரல் பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி கேட்டிருக்கிறது. அத்தனை மாதத்துக்குப் பிறகு குரலைக் கேட்டதும் மனசு குளிர்ந்துபோய் அழுதுவிட்டாராம். மாமியாரும் ரிசீவரை வாங்கி நலம் விசாரித்தாள், இவரும் பதில் சொன்னார். லைன் நன்றாகக் கேட்கிறது என்று அந்த வீட்டுக்குத் தெரிந்துபோனது. அதற்குப் பிறகு வசந்தி எதற்காகத் தட்டுகிறாள் என்று கேட்டால் என்ன சொல்வாள்? ‘நான் வரவா’ என்று இவர் கேட்டதற்கு, எதுக்கும்மா, நான் நல்லாருக்கேன் என்றாள். ஒவ்வொரு தடவையும் அதையே சொன்னாள்.

“கொரல் அம்புட்டுத் தெளிவா இருந்துச்சா, நம்பிட்டேன்” என்றார் செல்லக்கனி அக்கா. “நீங்க வந்துட்டுப் போன அடுத்த வாரம் நான் கேட்டிருந்தா, ஒரு தட்டு தட்டிருப்பாளாம். வந்தப்பறம் சொன்னா.”

தை முடிந்து சொந்தக்காரர் ஒருவர் பம்பாயில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் அவளைப் பார்த்துவிட்டு, கையோடு கூட்டிவந்திருக்கிறார்.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். மாடலை நிராகரித்தது சரி. அந்த ஒரு போனை, புதுசு வரும்வரை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். அதற்கு எனக்கு அதிகாரம் இருந்தது. மேலதிகாரியை எதிர்க்கத் துணிந்தவளுக்கு ஒரு வழக்கத்தை மீறுவது பெரிய காரியம் இல்லை. எனக்குத் தோன்றவே இல்லை, ஏனென்றால் எனக்கு விதி தெரியும். மல்லாங்கிணறில் கேட்ட ‘நல்லாருக்கு’வும் இங்கே கேட்ட ‘நல்லாருக்கு’வும் ஒன்று என்று முடிவு கட்டிவிட்டேன். பார்க்க வேண்டும் என்று உங்களுக்கு எழுதி வைத்தவள், ஒரு தாய் நிறுத்தி நிறுத்திப் பேசுவதைக் கண்ணால் பார்த்தேன், காதாலும் கேட்டேன். நடிப்பு என்று நினைத்து, குறையை மறைக்கிறார் என்று எழுதினேன். கையேட்டில் அந்தக் கட்டத்துக்குக் கீழே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: எடுத்துவிடாதே என்று யாராவது கெஞ்சினால், ஏன் என்று தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை உட்காருங்கள்.

அன்றைக்குப் போனை மாட்டினோம். எனக்கு வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை, வேலையைச் செய்தேன். அருப்புக்கோட்டை ஆபீஸைக் கூப்பிட்டு, அங்கிருந்தவரைப் பேசிக்கொண்டே இருக்கச் சொன்னேன். பேசிப் பாரும்மா என்று ரிசீவரை வசந்தியிடம் நீட்டினேன். வலது கையால் வாங்கினாள். வலது காதுக்குக் கொண்டுபோகாமல், கை மாற்றி, முகத்தைத் திருப்பி, இடது காதில் வைத்தாள்.

நான் செல்லக்கனி அக்காவைப் பார்த்தேன்.

“அந்தப் பக்கத்துக் காது கேக்காது தாயி. தைப்பொங்கலுக்கு முன்னாடி விழுந்த அடி.”

போனை நான் எடுத்துப் போனது ஆடியில்.

வசந்தி பேசி முடித்து ரிசீவரைப் பதமாக வைத்தாள். இத்தனை வருஷத்துப் பழக்கம், என் வாய் தன்னால் கேட்டுவிட்டது, எப்படி இருக்கிறது என்று. அவள் என்னைப் பார்த்து, “நல்லாருக்குக்கா” என்றாள்.